அடிலெய்டுக்கு வடக்கே, உப்பேரிக்கு நீர் வந்த குளிர்காலம்

ஜூலை 5, சனி – ஹாக்கர்

மார்ச் கடைசியில் குயின்ஸ்லாந்தின் மேற்கே கொட்டிய மழை, நதி நதியாக இறங்கி, பெரும்பாலும் வறண்டே கிடக்கிற உப்பேரியான ஏயர் ஏரிக்கு மே மாதம் வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியைப் பார்த்த அன்று இரவே குணா அண்ணன் எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார்: "இந்த முறை விட்டா பிறகு எப்ப பார்க்கிறது? பள்ளிக்கூட லீவில வெளிக்கிடுவம்."

அண்ணன் அடிலெய்டில் பஸ் ஓட்டுகிறார். செல்வி அக்கா முதியோர் இல்லத்தில் இரவு வேலை. இருவரும் பருத்தித்துறைக்காரர்கள், இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல். சிவா மதுரை, மென்பொருள் வேலை. நான் பள்ளி ஆய்வகத்தில். வாரமெல்லாம் ஆளுக்கொரு ஷிஃப்ட். சனிக்கிழமை மாலை கோயிலிலோ யாராவது ஒருவர் வீட்டுப் பிறந்தநாளிலோதான் பார்த்துக்கொள்வோம். நால்வரும் ஒரே வாரத்தில் விடுப்பு வாங்கியதே பெரிய காரியம்.

அண்ணனின் பிராடோவில் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். புளியோதரை, தட்டை, இடியப்ப மா, கட்டைச் சம்பல், இருபது லிட்டர் கேனில் மூன்று கேன் தண்ணீர். பிச்சி ரிச்சி கணவாய் ஏறி க்வார்ன் தாண்டியதும் பச்சை நின்றுபோய், தரையோடு ஒட்டிய சாம்பல் நிற உப்புப் புதர்கள் தொடங்கின. இந்த மாற்றத்தை 1865-லேயே ஒருவர் கோடாக வரைந்து கொடுத்திருக்கிறார். ஜார்ஜ் கொய்டர் என்ற தலைமை நில அளவையாளர். பெரும் பஞ்ச காலத்தில் குதிரையிலேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைந்து, செடிகொடிகளைப் பார்த்து, 'இதற்கு வடக்கே கோதுமை விதைக்காதீர்கள், மழை நம்ப முடியாது' என்று சொன்னார். அடுத்த சில வருடம் நல்ல மழை பெய்தது. உழுத நிலத்தைத் தேடி மழை வரும் என்று நம்பி ஜனங்கள் கோட்டைத் தாண்டிக் குடியேறினார்கள். பிறகு மழை பொய்த்தது.

அந்த இடிபாடுகள் வழி நெடுக நிற்கின்றன. ஹாக்கருக்கு முன்னால் கன்யாக்கா என்ற பழைய ஆட்டுப்பண்ணை. எழுபது குடும்பங்கள் பிழைத்த இடம் என்கிறார்கள். கல் சுவர்கள் இன்னும் நேராக நிற்கின்றன, கூரை மட்டும் இல்லை. பண்ணையைத் தொடங்கிய இளைஞர் ஹியூ ப்ராபி, 1852-ல் ஓடையைக் கடக்கும்போது வெள்ளத்தில் போய்விட்டார். தண்ணீர் இல்லாமல் அழிந்த ஊரைத் தொடங்கியவர் தண்ணீரில் போனார் என்பதை அக்காவால் தாங்கவே முடியவில்லை. "அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பா" என்று இரண்டு முறை சொன்னார்.

ஹாக்கரில் கேபின் ஒன்றுக்கு 165 டாலர். இரவு மூன்று டிகிரி. புளியோதரையைச் சூடு பண்ணித்தான் சாப்பிட முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு – மாரீ

காலை முழுக்க வலது பக்கம் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடர் கூடவே வந்தது. கங்காரு அடிபட்டுக் கிடந்த இடத்தில் ஆப்புவால் கழுகு ஒன்று சாலையிலேயே உட்கார்ந்திருந்தது. ஹார்ன் அடித்தும் நகரவில்லை. அண்ணன் வண்டியை நிறுத்தினார். எழும்ப அதற்கு நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தினால் கண்ணாடியில் வந்து மோதும் என்றார்.

லீ க்ரீக் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரிதான் போர்ட் அகஸ்டாவில் எரிந்து, பல வருடம் அடிலெய்டுக்கு மின்சாரமாக வந்தது. 2015-ல் சுரங்கம், 2016-ல் மின்நிலையம், இரண்டும் மூடியாயிற்று. ஊர் கிட்டத்தட்டக் காலியாகக் கிடக்கிறது. பக்கத்து ஊரான காப்லியில் க்வாண்டாங் பை சாப்பிட்டோம். பாலையில் விளையும் சிவப்புப் பழம். புளிப்பும் இனிப்பும் சமமாக இருந்தது. சிவா இரண்டாவது ஒன்று வாங்கினான்.

இன்றைக்கு என் மனதை நிறைத்தது ஃபரீனா. 1878-ல் கோதுமை விளையும் என்று நம்பி நிறுவிய ஊர், கொய்டர் கோட்டுக்கு எத்தனையோ வடக்கே. இப்போது குடியிருப்பவர் யாரும் இல்லை, கல் சுவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில வாரங்கள் தன்னார்வலர்கள் நாடெங்குமிருந்து வந்து கூடாரம் போட்டுத் தங்கி, சுவர்களை ஒட்டுகிறார்கள். தரைக்கடியில் இருக்கும் பழைய விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். மாவுக் கையோடு நின்ற எழுபது வயது அம்மா ஒருவர், "எங்கிருந்து வருகிறீர்கள்? அடுத்து எங்கே? எப்போது போய்ச் சேருவீர்கள்?" என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகுதான் ரொட்டி. சூட்டோடு பிய்த்து, கட்டைச் சம்பல் வைத்துச் சாப்பிட்டோம். அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம். கண்ணில் நீர் வந்தது, இன்னொரு துண்டு கேட்டார்.

மாரீயில் வெளிச்சம் இருக்கும்போதே கல்லறைக்குப் போனோம். ஒட்டகக்காரர்களின் பகுதி தனியாக இருக்கிறது. 1860-களிலிருந்து பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து, ஆப்கானிஸ்தான் பக்கங்களிலிருந்து ஒட்டகங்களோடு வந்தவர்கள். ஊர் எல்லாரையும் சேர்த்து ஆப்கான் என்றே அழைத்தது. ரயில் வராத இடத்துக்கெல்லாம் மாவு, கம்பளி, தந்திக்கம்பம், தண்டவாளக்கட்டை எல்லாம் இவர்கள் முதுகொடிந்து கொண்டுபோய்ச் சேர்த்தவை. மாரீயில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள், மறுபக்கம் இவர்களும் பூர்வகுடிகளும். மனைவி மக்களை அழைத்து வர முடியவில்லை, குடியுரிமையும் மறுக்கப்பட்டது. லாரி வந்ததும் பிழைப்பு போயிற்று. 1925-ல் தென் ஆஸ்திரேலியாவில் ஒட்டகங்களைக் கொல்ல வழிவிடும் சட்டமே வந்தது. மனசு வராமல் பலர் அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். இன்று பாலையில் திரிவது அவற்றின் வம்சம்.

ஊர் நடுவில் அவர்கள் தொழுத மசூதியை நினைவுக்காகத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். சின்னக் குடிசை, முன்னால் சிறு குளம். குணா அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். அடிலெய்டில் லிட்டில் கில்பர்ட் தெருவில் 1888–89-ல் எழுந்த மசூதியை அவர் தினமும் கடக்கிறவர். வயதான ஒட்டகக்காரர்கள் கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார்கள் என்பது அவருக்கு இன்றுதான் தெரியும். "இனி அந்தப் பக்கம் போகேக்க ஒருக்கா இறங்கிப் பார்க்க வேணும்" என்றார். ஐந்து வருட விசா, பத்து வருடக் காத்திருப்பு என்று பேசுகிற நாம் எல்லாருமே இந்தக் கல்லறைக்கு ஒரு முறை வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

விடுதியில் கோழி ஷ்னிட்செல் 32 டாலர். தட்டு நிறைய. இருவர் சாப்பிடலாம்.

ஜூலை 7, திங்கள் – கவர்ட் ஸ்பிரிங்ஸ்

(கவர்ட் ஸ்பிரிங்ஸில் சிக்னல் இல்லை. தாளில் எழுதி வைத்ததைப் பின்னால் ஏற்றுகிறேன்.)

மாரீயில் ஊடனடட்டா தடம் தொடங்குகிறது. செம்மண் பாதை. ஊர் எல்லையில் பெரிய பலகை: எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று. மழை பெய்தால் மூடிவிடுவார்கள், மீறிப் போனால் கடும் அபராதம். இன்று எல்லாமே திறப்பு. அண்ணன் நான்கு சக்கரத்திலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார்.

ஒரு மணி நேரத்துக்குள் நாய் வேலி. குயின்ஸ்லாந்து தொடங்கித் தென்கடல் வரை 5,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற கம்பி வேலி. டிங்கோ நாய்கள் தெற்கே ஆட்டு மந்தைக்கு வராமல் தடுக்க. தெற்கே ஆடு, வடக்கே மாடு என்று கணக்கு. அதே வழியில், வால் தரையில் ஊன்ற இரண்டு விமானங்களைச் செங்குத்தாக நிறுத்தி வைத்த சிற்பத் தோட்டம். சிவா கேமராவோடு இறங்கினால் ஏறுவதில்லை.

தெற்கு ஏயர் ஏரியைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். வெள்ளை உப்பு, கண் கூசுகிறது. ஒரு சொட்டு நீர் இல்லை. அக்காவின் முகம் வாடிவிட்டது. வடக்கு ஏரிதான் நிறைகிறது. அது நிரம்பி வழிந்தால், இரண்டையும் இணைக்கும் கால்வாய் வழியே இங்கே வரும். அந்தக் கால்வாயின் பெயரும் கொய்டர்தான்.

ஏரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் சக்கரம் போயிற்று. கூர்க்கல் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது, ஒட்டவே முடியாது. ஸ்டெப்னியை மாட்டினோம். பழைய கர்டிமுர்கா ரயில் நிலையம் தாண்டியதும் முன் சக்கரம் இறங்கத் தொடங்கியது. மணி மூன்று. ஸ்டெப்னி தீர்ந்தது. போனில் கோடு இல்லை.

பயப்பட நேரமே கிடைக்கவில்லை. இருபது நிமிடத்தில் முதல் வண்டி வந்து நின்றது. பண்ணைக்காரர், மாட்டு லாரி. "தண்ணீர் இருக்கிறதா? சாப்பாடு?" என்று கேட்டு, ரேடியோவில் பின்னால் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்து வந்தது கேரவன் இழுத்த ஒரு வண்டி. விக்டோரியாவிலிருந்து வந்த கணவன் மனைவி, இருவருக்கும் எழுபது இருக்கும். அவர் இறங்கும்போதே கையில் கருவிப்பெட்டி.

அந்த வேலையை நான் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். சோப்புத் தண்ணீரைச் சக்கரத்தின் மேல் தெளித்தார். ஓரிடத்தில் மட்டும் நுரை பொங்கியது. குறடால் கல்லைப் பிடுங்கினார். சுண்டுவிரல் நகம் அளவு, கறுப்பு, நுனி கத்தி. ஓட்டைக்குள் முறுக்கரத்தை விட்டுத் திருகித் திருகிச் சுத்தம் பண்ணினார். பழுப்பு நிறப் பிசின் நாடா ஒன்றை ஊசிக்காதில் கோர்த்து, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து உள்ளே அழுத்தினார். சட்டென்று இழுத்தபோது ஊசி மட்டும் வந்தது, நாடா உள்ளேயே நின்றது. வெளியே நீட்டிய முனையைக் கத்தியால் வெட்டினார். மறுபடி சோப்பு நீர். நுரை இல்லை. அவர் மனைவி தங்கள் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து காற்றை ஏற்றினார். மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

காசு நீட்டினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா தட்டை டப்பாவை நீட்டியதும் வாங்கிக்கொண்டார். "இந்தத் தடத்துக்கு ஸ்டெப்னி இரண்டு வேண்டும்" என்றார். பிறகு, கவர்ட் ஸ்பிரிங்ஸ் வரை எங்களை முன்னால் விட்டு, அவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

அந்த நேரத்துக்குள் எங்களைக் கடந்த எந்த வண்டியும் நிற்காமல் போகவில்லை. இங்கே எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார்கள். காலையில் அதை வெறும் மரியாதை என்று நினைத்திருந்தேன். நான் பார்த்தேன், நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒருவருக்கொருவர் கணக்கு வைத்துக்கொள்கிற பழக்கம் அது. அடிலெய்டில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். இங்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்தான் அடுத்த வீடு, அவருக்கு நம் வண்டி நிறம் தெரிந்திருக்கிறது.

முகாமில் பேரீச்ச மரங்கள், பழைய ரயில்வே வீடுகள், ஆழ்துளைக் கிணற்று நீர் ஓடுகிற தொட்டி. நிலத்தடியில் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்த நீர்ப்படுகையின் கசிவு இது. இந்த ஊற்றுகளை ஒட்டித்தான் முதலில் பூர்வகுடிகளின் வணிகப் பாதை, பிறகு ஒட்டகம், 1872-ல் தந்தி, அதன் பின் ரயில். தண்ணீர் போன வழியே மனிதர்களும் போயிருக்கிறார்கள்.

இரவு குணா அண்ணன் கங்காரு இறைச்சி சமைத்தார். கொழுப்பே இல்லாத இறைச்சி, கூடுதலாக வேகவிட்டால் ரப்பராகிவிடும். யாழ்ப்பாணத் தூளும் பழப்புளியும் பிரட்டி வைத்து, சுடுசட்டியில் கொஞ்ச நேரம்தான். விக்டோரியாத் தம்பதியையும் கூப்பிட்டோம். "உறைப்பு காணுமோ?" என்று அண்ணன் தமிழிலேயே கேட்டார். அவர் கட்டைவிரலைத் தூக்கினார்.

ஜூலை 8, செவ்வாய் – வில்லியம் க்ரீக்

காலையில் ஊற்று மேடுகள். பாலை நடுவில் சின்னக் குன்று, உச்சியில் குளம், மணலும் நீரும் அடியிலிருந்து குபுக் குபுக்கென்று பொங்குகின்றன. அரைமணி நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை.

வில்லியம் க்ரீக்கில் ஒரு விடுதி, ஒரு விமானத் தளம், ஒரு முகாம். நிரந்தரமாக இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டீசல் அடிலெய்டை விட லிட்டருக்கு ஒரு டாலர் அளவுக்குக் கூடுதல். இத்தனை தூரம் கொண்டுவருகிறார்கள், வாய் திறக்க முடியாது. விடுதிக் கூரையிலும் சுவரிலும் வந்துபோனவர்களின் தொப்பி, அட்டை, காசுத்தாள். சிவா தன் பழைய மதுரை நூலக அட்டையைச் செருகிவிட்டு வந்தான்.

காற்று அதிகம் என்று காலை விமானங்கள் எல்லாம் நின்றன. நாலு மணிக்கு மேல் அழைத்தார்கள். ஒருவருக்கு நானூறு டாலருக்கு மேல். என் வாழ்க்கையில் நான் மிகச் சரியாகச் செலவழித்த பணம் இது.

முதலில் செம்மணல் மேடுகள் வரிவரியாக. பிறகு உப்பு. பிறகு திடீரென்று எல்லை இல்லாத நீர். கரை ஓரம் வெள்ளை, உள்ளே போகப் போக இளஞ்சிவப்பு, அதற்கப்பால் வெளிர் நீலம். எங்கே நீர் முடிந்து வானம் தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. கடல் மட்டத்துக்கும் கிட்டத்தட்ட 15 மீட்டர் கீழே இருக்கிற இந்தப் பள்ளத்துக்கு, ஆஸ்திரேலியாவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் நீர் வந்து சேர்கிறது. கடலுக்குப் போக வழி கிடையாது. இங்கேயே தேங்கி, இங்கேயே ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போகும். நிறைந்தால் 9,500 சதுர கிலோமீட்டர். 1974-ல் அப்படி நிறைந்தது.

விமானி சற்றுத் தாழ்த்தினார். நீரின் மேல் வெள்ளைப் புள்ளிகள் கூட்டமாக நகர்ந்தன. கூழைக்கடாக்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருக்கிறவை, பாலையில் நீர் வந்திருப்பதை எப்படியோ அறிந்து வந்து, குஞ்சு பொரிக்கின்றன. அக்கா முழு நேரமும் என் கையைப் பிடித்திருந்தார். ஏறும்போது பயத்தில் பிடித்தது. அப்புறம் விடவில்லை. "கடவுளே, எவ்வளவு வடிவு" என்று மட்டும் கேட்டது.

இது அரபானா என்ற பூர்வகுடி மக்களின் ஏரி. 2012-ல் அவர்களுடைய நில உரிமை ஏற்கப்பட்டது, அந்த ஆண்டிலிருந்தே அதிகாரப்பூர்வப் பெயரில், ஏயர் ஏரி என்பதற்கு முன்னால் அவர்கள் அழைக்கும் கட்டி தண்டா என்ற பெயரும் வந்தது. ஏரிக்குள் இறங்காதீர்கள், குளிக்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். விடுதியில் ஒருவர் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். எனக்கு உடன்பாடில்லை. மேலிருந்து பார்த்தபோது உப்பின் மேல் பழைய டயர் தடங்கள் ஓடின. வருடக்கணக்கில் அழியாது என்றார் விமானி. கேட்டுக்கொண்டதை நாம் கேட்டு நடப்பதுதான் நியாயம்.

ஜூலை 9, புதன் – கூபர் பீடி

166 கிலோமீட்டர் மண்பாதை. நாடா வைத்த சக்கரத்தை அண்ணன் மூன்று இடத்தில் இறங்கித் தொட்டுப் பார்த்தார்.

1915-ல் தங்கம் தேடி வந்த கூட்டத்தில் இருந்த பதினான்கு வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் இங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். அன்று முதல் தோண்டுகிறார்கள். சுரங்கம் தோண்டப் பழகிய கை, வீட்டையும் தோண்டியது. இன்று ஊரில் பாதிப் பேர் நிலத்தடியில் வசிக்கிறார்கள். எங்கள் அறையும் பாறைக்குள். சுவரில் இயந்திரம் கீறிய வட்ட வட்டத் தடம், ஜன்னல் இல்லை. வெளியே பல் கிட்டித்த குளிர், உள்ளே போர்வை தேவைப்படவில்லை. கோடையில் வெளியே 45 டிகிரி கொதிக்கும்போதும் உள்ளே இதே இதம்தானாம். முதல் பத்து நிமிடம் மூச்சு முட்டுவதாகச் சொன்ன சிவா, எங்கள் எல்லாருக்கும் முன்னால் தூங்கிப்போனான்.

தெருவில் எங்கும் எச்சரிக்கைப் பலகை: ஓடாதே, பின்னால் நடக்காதே. மூடாத குழிகள் ஏராளம். போட்டோ எடுக்கப் பின்னால் நகர்வது இங்கே உயிர்க்கேடு. செர்பியர்களின் நிலத்தடித் தேவாலயம் மிக அழகு. பாறையிலேயே குடைந்த வளைவுக் கூரை. வாசலில் இருந்த பெரியவர், அக்கா தலையை முக்காடிட்டுக்கொண்டதைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

ஓபல் கடையில் ஒரு சின்னத் தோடு 240 டாலர். விலை கேட்டோம், கல்லை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், நன்றி சொன்னோம். கடைக்காரர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. பொதுவாகக் கிளற அனுமதித்த மண்மேட்டில் ஒரு மணி நேரம் கிளறி, நகத்துண்டு அளவு நீலம் மின்னிய ஒரு சில்லு எனக்குக் கிடைத்தது. விலை போகாது. போகவும் வேண்டாம்.

ஜூலை 10, வியாழன் – அடிலெய்டு

846 கிலோமீட்டர் தார்ச்சாலை. சொல்ல அதிகம் இல்லை. 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோட் டிரெயின் லாரிகள் கடக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. சில இடங்களில் சாலையிலேயே வரிக்குதிரைக் கோடுகள். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்க. ஆஸ்பத்திரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்தபோது, செல்வி அக்கா உண்டியலில் போடுவதற்கென்று தனியே எடுத்து வைத்திருந்த ஐம்பது டாலரை, வழியிலிருந்த ரோட்ஹவுஸில் அந்தச் சேவையின் டப்பாவில் போட்டார்.

போர்ட் அகஸ்டாவில் டயர் கடை திறந்திருந்தது. கிழிந்ததற்குப் பதில் புதியது 380 டாலர். நாடா வைத்ததைக் கழற்றிப் பார்த்த பையன், "யார் போட்டது? நல்ல வேலை, இப்படியே ஓட்டலாம்" என்றான். அண்ணன் அதையும் மாற்றச் சொல்லவில்லை. கூடவே இன்னொரு ஸ்டெப்னிக்கும் விலை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். கூப்பர் ஓடை நீர் ஏரிக்கு வந்து சேர்ந்தால் செப்டம்பரில் பெர்ட்ஸ்வில் தடத்தில் போய்ப் பார்ப்போம் என்று பேச்சு. போகிறவர்கள் பாதை நிலவரத்தை அன்றன்று காலையிலேயே பாருங்கள், ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வையுங்கள், தட்டை கொஞ்சம் கூடுதலாகவே சுட்டு எடுத்துப் போங்கள்.